உங்கள் திரையில் விழுந்த சிவப்பு நிழல்

அண்ணே,

"டீச்சர், இந்தக் கறுப்பு உங்களுக்குக் கறுப்பாத் தெரியுதா?"

நீங்கள் அன்று கேட்ட கேள்வி, இன்று காலை சாம்பிராணி வாசனையோடு திரும்பி வந்தது. உங்கள் காரியமெல்லாம் முடிந்ததும், அண்ணி மகளோடு இருக்க யோங் பெங் ஊருக்குப் போய்விட்டார். போகும்முன் உங்கள் புரொஜெக்டரைப் பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார். திறந்தால், அதைச் சுற்றியிருந்தது உங்கள் சாமி மேடையின் குட்டித் திரைச்சீலை.

மாசாயில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். முப்பது வருடம் பெயின்ட் தொழிற்சாலையில் இருந்தீர்கள். யாரோ அனுப்பும் சின்னத் தகரத் துண்டைப் பார்த்து, அதே நிறத்தைக் கலந்து கொடுப்பது உங்கள் வேலை. ஓய்வு பெற்றதும் ஹால் சுவருக்கு நீங்களே ஒரு வெள்ளை கலந்து பூசி, அதைத் திரையாக்கினீர்கள். முதல் படம் மகளின் கல்யாண வீடியோ. பார்க்க என்னையும் கூப்பிட்டீர்கள்.

மேளம் கொட்டியது, மாலை மாறியது. மணமகள் தலை குனிந்ததும் அண்ணி எழுந்துவிட்டார்.

"அலமாக்! என் மக முடிக்கு எப்பங்க சாயம் அடிச்சீங்க? செவசெவன்னு இருக்கு!"

நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாள் புரொஜெக்டர் மெனுவுக்குள் போய்ச் சிவப்பைக் குறைத்தீர்கள். முடி கொஞ்சம் தேறியது. முகம் பச்சை பாய்ந்து, பெண் காய்ச்சலோடு மணவறைக்கு வந்தவள் போல இருந்தாள். பச்சையைக் குறைத்தால் பட்டுப்புடவை கெட்டது. பிறகு சுவரையே சந்தேகப்பட்டு இரண்டு முறை மறுபூச்சு பூசினீர்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணால் திரையைப் பார்ப்பீர்கள். பிறகு மாற்றிப் பொத்துவீர்கள். அந்த மாதம்தான் உங்கள் வலக்கண்ணில் புரை எடுத்திருந்தார்கள்.

அப்படி ஒரு மாலை, படத்தை ஓடவிட்டு என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். நான் அதை வகுப்பில் வரும் கேள்வி போல எடுத்துக்கொண்டு பதில் சொன்னேன். "புரொஜெக்டரால கறுப்பை அடிக்க முடியாதுண்ணே. வெளிச்சம் போடாம விட்ட இடந்தான் கறுப்பு. கரும்பலகையைச் சரியா அழிக்கலேன்னா, எவ்வளவு அழகா எழுதினாலும் சாம்பலாத்தானே தெரியும்? அது மாதிரி."

"அது சரி டீச்சர். உங்களுக்குக் கறுப்பா, செவப்பா? அதைச் சொல்லுங்க."

"செவப்புத்தான்."

நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள்: "ஒரு கண்ணு நீலமாக் காட்டுது, ஒரு கண்ணு மஞ்சளாக் காட்டுது. எது சொல்றது நெசம்னே தெரியல. நெறம் தெரியாம நான் என்ன ஆளு?"

அதற்கும் ஓர் உதாரணம் தேடினேன்.

அந்தச் சமயம் அண்ணி மைலோ பானம் வைத்த தட்டோடு குறுக்கே வந்து லென்சுக்கு முன்னால் நின்றார். "உடம்பை நகத்துலா, படம் மறைக்குது!" என்றீர்கள். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணியின் நிழல் சுவர் உயரத்துக்கு விழுந்திருந்தது. நிழல் கறுப்பாக இல்லை.

"அண்ணே, நிழலே செவப்பா இருக்கே!"

நீங்கள் பாய்ந்து போய் உள்ளங்கையால் லென்சை மூடினீர்கள். சுவர் முழுவதும் மங்கலான சிவப்பு. படமே இல்லாத சுவரில் நிறம் மட்டும் எங்கிருந்து வரும்? மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். பின்சுவரில், சாமி மேடையில், சின்னச் சிவப்பு பல்பு எப்போதும்போல எரிந்துகொண்டிருந்தது.

"எல்லா லைட்டையும் அடைச்சிட்டேன்னு சொன்னியே?"

"அடைச்சேனே! அது லைட்டா? அது சாமி!"

நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப எங்கண்ணு நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்றீர்கள். அந்த மாலைவரை நீங்கள் எவ்வளவு பயந்திருந்தீர்கள் என்பது அந்த ஒரு வரியில்தான் எனக்குத் தெரிந்தது.

பல்பை அணைக்கச் சொல்ல நம் இருவருக்கும் துணிவில்லை. அண்ணிதான் வழி சொன்னார்: "கோயில்லயே மத்தியானம் நடை சாத்துறாங்க. ரெண்டு மணி நேரம் திரை போட்டா சாமி கோவிச்சுக்காது." மறுநாளே அரக்கு நிற வெல்வெட்டில் அந்தத் திரைச்சீலையைத் தைத்துவிட்டார். மெனுவில் மாற்றியதையெல்லாம் பழையபடி வைத்தீர்கள். அன்று மகளின் முடி கறுத்தது. அண்ணி மூன்று முறை அந்த இடத்தையே ஓட்டிப் பார்த்தார். நீங்கள் திரையைப் பார்க்கவில்லை, அண்ணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரண்டு கண்களாலும்.

இன்று ஏழரை மணிக்கு, இருட்டியதும், உங்கள் புரொஜெக்டரை என் வீட்டு ஹாலில் வைத்தேன். அதே கல்யாணம், அண்ணி அதையும் சேர்த்துத்தான் கொடுத்திருந்தார். மணமகளின் முடியில் லேசான பச்சை! கை மெனுப் பக்கம் போனது. உங்களை நினைத்து நிறுத்திக்கொண்டேன். லென்சை மூடினேன். சுவரில் பச்சை. அலமாரி மேல் இணைய மோடம் தன் நாலு பச்சை விளக்குக் கண்களையும் திறந்து வைத்திருந்தது. உங்கள் சாமியின் திரைச்சீலையை அதற்கு முன்னால் தொங்கவிட்டேன். அளவு சரியாக இருந்தது. முடியும் கறுத்தது.

வகுப்பறையை விட்டுப் பல வருடமாகியும் உதாரணம் தேடும் பழக்கம் எனக்குப் போகவில்லை. இப்போது கேட்பவர்களுக்கெல்லாம் உங்களைத்தான் உதாரணமாகச் சொல்கிறேன். படத்தில் ஏதோ ஒரு நிறம் ஏறியிருக்கிறதா? மெனுவைத் தொடாதீர்கள், கண்ணைச் சந்தேகப்படாதீர்கள். முதலில் லென்சை மூடிவிட்டு, ஒரு நிமிடம் வெறும் திரையைப் பாருங்கள்.