இரண்டு வாயு

9.1.1984, பாகூர்
காலையில் விரல்கள் பிரியவில்லை. வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாக நீட்டிய பிறகுதான் பேனா பிடிக்க முடிந்தது. கீல்வாயு எனக்குப் பழகிப்போன வலி. பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் கைநழுவ ஆரம்பித்த நாளிலிருந்து கூடவே இருக்கிறது. பழகாதது ஒன்று நேற்று வந்தது. கடைத்தெருவிலிருந்து பையோடு வேகமாக நடந்தேன். நடு நெஞ்சில் யாரோ முழங்கையை ஊன்றியது போல அழுத்தம், இடது தோள்வரைக்கும். வாசலில் நின்றேன். போய்விட்டது.

என் வீட்டுக்காரர் கரும்புக் கொல்லையிலிருந்து வந்ததும் சொன்னேன். "மொச்சக்கொட்டய அள்ளி அள்ளித் தின்னா இன்னா ஆவும்? வாயுதான்" என்றார்.

13.1.84
பொங்கலுக்கு வீடு கழுவும்போது மறுபடியும். நாத்தனார் கனகாம்பாள் பெருங்காய மோரோடு வந்து நின்றாள். "ஒனக்கு ஒடம்பு பூரா வாயு அண்ணி. முட்டியில இருந்தது நெஞ்சுக்கு ஏறிக்கிச்சு. இதக் குடி, எறங்கிடும்."

குடித்தேன். ஏப்பம் வந்தது. வாளியைத் தூக்கினேன், வலியும் வந்தது.

14.1.84
விரலால் எழுத முடியவில்லை. நாளை.

19.1.84
ஊர் டாக்டரிடம் போனேன். "இன்னா டீச்சர், பழைய வாயுவா?" என்று கேட்டார். நானும் "ஆமா சார், இப்ப நெஞ்சுல" என்றேன். வயிற்றுக்கு மாத்திரை எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்வானேன்? என் வாயால் நான்தானே வாயு என்றேன்!

24.1.84
என் வகுப்பில் ஒரு வருடம் இரண்டு நடேசன்கள். "நடேசா" என்றால் இருவரும் எழுந்து நிற்பார்கள். அப்பா பெயரைச் சேர்த்துக் கூப்பிட்ட பிறகுதான் வகுப்பு நடந்தது. வாயுவும் அப்படித்தான். மூட்டில் வலித்தாலும் வாயு, வயிறு உப்பினாலும் வாயு, நெஞ்சு அடைத்தாலும் வாயு. ஒரே பெயரைச் சொன்னால் யார் எழுந்து நிற்பது?

பெயரை விட்டுவிட்டு அதன் நடத்தையைப் பார்க்கிறேன். மூட்டு வலி சும்மா கிடந்தால் வரும், நடமாடினால் இளகும். இந்த வலி நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது. நேர் எதிர். அப்படியானால் இது அது இல்லை. அது இல்லை!

25.1.84
ஏரிக்கரையில் வேண்டுமென்றே வேகமாக நடந்து பார்த்தேன். வந்தது. நின்றேன், போனது. சந்தேகம் தீர்ந்தது. பயம் ஆரம்பித்தது.

28.1.84
புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சக்கர ஆலையிலேர்ந்து வெட்டு உத்தரவு வந்திருக்கு. கரும்பு வெட்டு முடியட்டும், போவலாம்" என்றார் அவர்.

"வெட்டு முடியறதுக்குள்ள நான் முடிஞ்சிட்டா?"

தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. பிறகு, "கனகாம்பாள இட்டுக்கினு நாளைக்கே போ. நான் சாயங்காலம் வந்துடறேன்" என்றார்.

29.1.84, ஆஸ்பத்திரி
பெண் டாக்டர், பெயர் அமுதம். வாயு என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. "நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது" என்று மட்டும் சொன்னேன். கனகாம்பாள் விடுவாளா? "வாயுதாம்மா, மோரு குடிச்சா..." என்று ஆரம்பித்தாள். டாக்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "டீச்சர், நீங்க சொல்லுங்க" என்றார்.

படுக்கவைத்து நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். கோளாறு இல்லை என்றது. எனக்கு அழுகை வந்தது. சரியாகப் போட்ட கணக்கைத் தப்பு என்று அடித்துவிட்டதைப் போல. டாக்டர் மட்டும் விடவில்லை. இரண்டு படி வைத்த மரப்பலகையைக் காட்டி, "ஏறி எறங்க முடியுமா?" என்றார்.

முட்டி கத்தியது. ஏறினேன், இறங்கினேன். வா, வா என்று மனதுக்குள் அழைத்தேன். வந்தது. இத்தனை நாள் பயந்த வலி இன்று வந்ததும் எனக்குச் சிரிப்பு! உடனே படுக்கவைத்து மறுபடி எடுத்தார்கள். காகிதத்தில் முதலில் சரியாக இருந்த கோடு இப்போது கீழே தொங்கியிருந்தது. நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை. நெஞ்சில் ஊன்றியிருந்த முழங்கையை யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

5.2.84
இன்னும் ஆஸ்பத்திரிதான். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் குறுகியிருக்கிறதாம். என் மாதிரி மூட்டுவாதக்காரர்களுக்கு இது அதிகமாக வருவதாக இப்போது மருத்துவப் பத்திரிகைகளில் எழுதுகிறார்கள் என்றார் டாக்டர் அமுதம். "மூட்டுல இருக்கற வீக்கம் மூட்டோட நிக்காது போலிருக்கு. ஆனா யாரும் இத நெனச்சுப் பாக்கறதில்ல. மூட்டுவாதம்னு பேரு வெச்சுட்டா வேற எது வலிச்சாலும் அது மேலயே போட்டுடறாங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அட்டாக்கே வந்திருக்கும் டீச்சர். சரியான நேரத்துல வந்துட்டீங்க."

சரியான நேரம். இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்தார். கட்டில் ஓரம் உட்கார்ந்து என் வளைந்த விரல்களைத் தடவினார். "எல்லாருக்கும் பாடம் எடுத்துட்ட" என்றார். "நீங்க இன்னும் பாஸாவல" என்றேன்.

11.3.84
வீட்டில். விரல்கள் பழையபடிதான். டாக்டர் அமுதம் கொடுத்த மாத்திரையில் நெஞ்சு லேசாக இருக்கிறது. கனகாம்பாள் தெருவில் வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "நடந்தா வலிக்குதா, குந்தினா வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். சுளுக்கு வந்தவனைக்கூட விடவில்லை.

3.6.84
தவளக்குப்பம் கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினோம். பஸ் ஊருக்கு முன்னாலேயே இறக்கிவிட்டது. பொழுது சாய்ந்து காற்றும் இருந்தது. பேசிக்கொண்டே நடந்தேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் எங்கோ பின்னால், புளியமரத்தடியில் இடுப்பில் கை வைத்து நிற்கிறார்.

"அடியே, கொஞ்சம் நில்லுடி. ஒனக்கு ஈடு குடுத்து என்னால நடக்க முடியல!"

நின்றேன். அவருக்காக.