உதைப்பது அத்தையை மட்டும்

12.6.2002
எருமை அத்தையை உதைத்துவிட்டது. செம்புப் பால் முழுவதும் மண்ணில். அத்தை எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, "கொழுப்பு" என்றார். மழை இல்லை. இட்லிக்கு ஊறப்போட்டேன்.

13.6
இன்றும். நேற்று வலது கால், இன்று இடது கால்.

15.6
நான் பீய்ச்சினால் அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. அத்தை தொழுவத்துக்குள் நுழைந்தாலே காது விறைக்கிறது.

"வஞ்சம் வச்சிருக்கா. கன்ன வித்ததுல இருந்து எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கா" என்கிறார் அத்தை.

கன்றை விற்றது இந்த மாதத் தொடக்கத்தில். கிடாக்கன்று, பாலைக் குடிப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை என்று கம்பம் வியாபாரி பிச்சைமணியிடம் கொடுத்தார். வண்டியில் ஏறும்வரை கயிற்றைப் பிடித்து இழுத்தது அத்தைதான். எருமை முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது.

அதே வாரம்தான் கயலையும் தேனியில் நாத்தனார் நதியா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். என் மகளுக்கு ஐந்து வயது. "மார்க்கையன்கோட்டையில என்ன படிப்பு இருக்கு? அங்கன இருந்தா இங்கிலீசு பேசும்" என்று அத்தை முடிவுசெய்தார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். நானும்தான். நான் கத்தவில்லை. கவுன்களை மடித்துப் பையில் வைத்தேன்.

18.6
மாட்டு டாக்டர் இம்மானுவேல் வந்து பார்த்தார். மடியில் நோய் இல்லை.

"மிருகத்துக்கு வஞ்சம்லாம் கெடையாதும்மா. வலி இருக்கும், பயம் இருக்கும், கன்ன இழுத்த கை ஞாபகம் இருக்கும். காத்திருந்து பழிவாங்குறது மனுசன்தான்."

விலங்கியல் படித்தபோது எனக்கும் இதையேதான் சொல்லித் தந்தார்கள். எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

"அவர வந்து பால் பீச்சச் சொல்லு" என்றார் அத்தை. டாக்டர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

19.6
எருமைக்குப் பருத்திக்கொட்டை கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். எதற்கு? தெரியவில்லை. வைத்தேன்.

23.6
நதியாவுக்கு போன் செய்தேன். "வெளாடிக்கிட்டு இருக்கா மதினி" என்றாள். பின்னால் அழுகைச் சத்தம். டி.வி. என்றாள். டி.வி.யில் எல்லாரும் அழத்தான் செய்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பழகிரும்" என்றார்.

எருமைக்கும் இந்நேரம் பழகியிருக்க வேண்டும்.

27.6
"நான் வளத்த மாடு எனக்கு அடங்காதா?" என்று அத்தை மறுபடி செம்போடு போனார். வலது மணிக்கட்டு முறிந்தது. சின்னமனூர் போய் மாவுக்கட்டுப் போட்டுவந்தோம்.

வீட்டுக்காரர் கொதித்துவிட்டார். "நாளைக்கே பிச்சைமணிகிட்ட பிடிச்சுக் குடுத்துர்றேன்."

"ஏலே சுருளி, வாய மூடு. அவ பிள்ளைய வித்தவ நானு. அவளையும் விக்கணுமா?"

அத்தை விழுந்தால் எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

30.6
அத்தைக்குச் சோறு ஊட்டுவது, தலை சீவுவது எல்லாம் நான்தான். இன்று சிக்கெடுக்கும்போது கேட்டார்.

"ஏத்தா பவானி, அந்த எருமைக்கு இருக்கிறது உனக்கும் இருக்கா?"

"என்னதுத்தை?"

"வஞ்சம்."

"இல்லத்தை."

சீப்பு இழுத்தது. "ஆ" என்றார். சிக்கு என்றேன். சிக்குதான்.

"பிள்ளைய அனுப்பையில நீ ஒரு வார்த்தை சொல்லலையே."

வாய் என்னை மீறிவிட்டது. "சொன்னா கேட்ருப்பீகளா? அவ கழட்டிப் போட்ட கவுன மோந்துக்கிட்டுப் படுக்கேன், யாருக்குத் தெரியும்? எருமைக்கு டாக்டரக் கூப்பிட்டீக. எனக்கு?"

அத்தை திரும்பிப் பார்க்கவில்லை. "கொண்டைய இறுக்கிப் போடு" என்றார்.

போட்டேன்.

பேசிட்டேன். ஐயோ, பேசிட்டேன். — பேசினா என்ன?

1.7
பால் பீய்ச்சிவிட்டு வந்தால் அத்தையின் கட்டில் காலி. தோட்டத்தில் இல்லை, கோவிலில் இல்லை. வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகத் தேடினார். நான் கிணற்றை எட்டிப் பார்த்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. கடைசியில் எதிர்வீட்டு ஜக்கம்மா, "தேனி பஸ்ல ஏறினாக, நான்தான் கைகுடுத்து ஏத்திவிட்டேன்" என்றாள்.

சாயங்காலம் வந்து இறங்கினார். கட்டுப் போட்ட கை கழுத்துத் தூளியில். இன்னொரு கையில் கயல்.

"பிள்ளைக்குச் சளி. அந்த ஊருத் தண்ணி ஒத்துக்கிறல" என்றார்.

கயலுக்குச் சளி எதுவும் இல்லை. மெலிந்திருந்தாள். என்னிடம் உடனே வரவில்லை. கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்தாள். வந்து, என் கையைக் கடித்தாள். பல் பதிந்திருக்கிறது. நான் கையை இழுக்கவில்லை.

4.7
கயலை இந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்தாயிற்று. நதியா போனில் அழுதாள். "அம்மா என்ன ஏதுன்னு சொல்லவே இல்ல மதினி."

8.8
அத்தைக்கு இன்று கட்டைப் பிரித்தார்கள். தொழுவத்துக்குப் போனார். எருமை காதை விறைத்தது. செம்பை என்னிடம் நீட்டிவிட்டு, கால் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டார்.

"மறக்க மாட்டா" என்றார். "மறக்க வேணாம்."

இனி வலது கையால் சாப்பிடலாம் என்று சின்னமனூர் டாக்டர் சொல்லியிருக்கிறார். இரவு தட்டை முன்னால் வைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிசைந்து, கயலுக்கு ஒரு வாய், அத்தைக்கு ஒரு வாய் ஊட்டினேன். இரண்டு பேருமே மெல்லாமல் விழுங்குகிறார்கள்.