கடைசி எட்டுப் பக்கம்

மாரியண்ணே,

பிரஸ்ல காலண்டர் சீசன், ஞாயித்துக்கெழமைன்னும் பாக்காம கூப்புட்டாக, கெளம்பிட்டேன். சோறும் புளிக்கொழம்பும் மூடி வச்சுருக்கேன். வெளிய போனா சாவிய பக்கத்து வீட்டு வேலுத்தாய் மதினிட்ட குடுங்க.

நேத்து நீங்க பேசுன பேச்ச நான் மறக்கல. "நாவலெல்லாம் வெடிக்குக் குழாய் சுத்தத்தான் லாயக்கு, திங்கக்கெழம லோடுல ஏத்திருவேன்"னீகளே! உங்க வெடிக் கம்பெனிக்கு எடைக்கு வந்த பழைய பேப்பர் கட்டுல இருந்து அம்புட்டையும் எனக்குப் பொறுக்கிட்டு வந்ததே நீங்கதான?

பத்து மணிக்கு மதினி புஸ்தகம் கேட்டு வருவாக. ராஜா கதைய குடுங்க, குதிரையும் சண்டையுமா சும்மா பறக்கும். மாமியா மருமக கதைன்னா அழுதுக்கிட்டே மூணு தடவ படிப்பாக. பேய்க்கதை மட்டும் வேண்டாம். போன தடவ லைட்ட அமத்தவே விடலையாம், அவுக வீட்டுக்கார அண்ணன் என்னய ஏசுறாரு.

துப்பறியும் கதைய யாருக்கும் குடுக்காதீக. ரெண்டு நாளா நீங்க ஒளிச்சு வச்சுப் படிச்சது எனக்குத் தெரியும். "ஏலே, கணக்கப்பிள்ளைதான் கொலகாரன்னு நான் கனவுலகூட நெனைக்கல! எழுதுனவன் பெரிய ஆளுலே"ன்னு உங்க கூட்டாளி முனியராஜ்ட்ட சொன்னதையும் கேட்டேன்.

பானு

அடியில இன்னொன்னு: அந்தப் புஸ்தகம் கடைசி எட்டுப் பக்கம் இல்லாமத்தான் வந்துச்சு. எந்தச் சரவெடிக்குள்ள போச்சோ! மத்த தாளெல்லாம் பழுப்பு, அந்த எட்டு மட்டும் வெள்ள, எடுத்துப் பாருங்க. நானே எழுதி, பிரஸ்ல டைப் அடிச்சு ஒட்டுனது. கணக்கப்பிள்ளையக் கொலகாரனாக்குனது உங்க தங்கச்சிதான்.

இப்ப ஏத்துங்க பாப்போம் லோடுல!