லயத்துச் சாவியைக் கொடுத்துவிட்டேன்

அன்புள்ள மகன் அழகுமலைக்கு,

அம்மா எழுதுகிறேன். மஸ்கட்டில் நீயும் மருமகளும் பேத்தி கிருத்திகாவும் சுகமாக இருக்க மாரியாத்தா துணை. போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது பேசுகிறாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

முதலில் பேத்தி கேட்டது. நாம் குடியிருந்த இடத்துக்கு லயம் என்று ஏன் பேர் வந்தது, பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொண்டு போக வேண்டுமாமே. லிஜி டீச்சரிடம் விசாரித்தேன். வெள்ளைக்காரன் தேயிலை போட்ட காலத்தில் வரிசையாக அறைகள் கட்டி ‘லைன்’ என்றானாம். நம் ஆட்கள் வாயில் அது லயன் ஆகி, லயம் ஆகிவிட்டதாம். குதிரை கட்டும் லாயம் வேறு சொல்லாம். எனக்கென்னவோ பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒரு அறை, ஒரு அடுக்களை. உங்கள் இருவரையும் வளர்த்தது அதில்தான், அப்பா கண்ணை மூடியதும் அதில்தான். கம்பெனிக்கு அது லயம். எனக்கு அதுதானடா வீடு.

நான் ரிட்டயர் ஆகிவிட்டதால் அறையைக் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் குடும்பத்தில் ஒருவர் கொழுந்து பறிக்கப் பேர் பதிய வேண்டும். உனக்குத் தெரியாததா? அதற்காக உன் தங்கச்சியிடம், “நீ பேர் பதிஞ்சிரு பாப்பா, நாங்க ஊருக்கு வந்தா தங்க இடம் வேணும்ல” என்று சொல்லியிருக்கிறாயே, எப்படி உனக்கு வாய் வந்தது? நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருஷம்தான் பாக்கி.

அந்தப் பைத்தியக்காரி வனிதாவும் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுப் பெட்டியோடு வந்து நின்றாள். கொழுந்து பறிக்கும்போது நான் இடுப்பில் சுற்றும் படங்கை எடுத்துக் கட்டிக்கொண்டு, “எப்பிடிம்மா இருக்கு?” என்று சிரித்தாள். நெஞ்சு வெடித்துவிட்டது எனக்கு. அவள் குளிக்கப் போன நேரத்தில் எஸ்டேட் ஆபீசுக்கு ஓடிப்போய், காலி செய்கிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். சாவி கொடுத்த அன்று அழக் கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

இனி எங்கே போவாய் என்று வனிதா கத்தினாள். “உங்கண்ணன் எனக்குப் போடியில வீடு பாத்துட்டான், அங்க போறேன்” என்று பொய் சொன்னேன். அதை நம்பித்தான் திரும்பப் படிக்கப் போனாள். நான் மூணாறு டவுனில் ஒரு லாட்ஜில் பாத்திரம் கழுவுகிறேன். சமையல்கட்டுக்குப் பின்னால், அரிசி மூட்டை அடுக்கும் இடத்தில் பாய் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். நல்ல மனுஷர்கள். குளிர்தான் கொஞ்சம் தாங்கவில்லை.

உன்மேல் கோபம் இருக்கிறது. இல்லை என்றால் அது இன்னொரு பொய். ஆனாலும் நீ பிள்ளைகுட்டியோடு நூறு வருஷம் நன்றாயிருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், ராசா. லீவுக்கு நேரே போடிக்கு வருகிறேன் என்று வனிதா சொல்லிக்கொண்டிருக்கிறாள். உன்னிடம்தான் விலாசம் கேட்பாள். ஏதாவது ஒரு விலாசம் சொல்லய்யா.

உன் அம்மா,
கனகம்