விடுவிக்க வேண்டிய இடம்

நாள் 212. காலை 06:10

ஜெனிட்டா, என் மொச்சை, காற்றில் ஆக்சிஜன் இருபது புள்ளி ஆறு. தண்ணீர் பாதித் தொட்டி. கீரைத் தட்டுகளில் குறையில்லை. நீ ஆன்டெனா பார்க்க வெளியே போய், கயிறு அறுந்து விலகிப் போய், இன்றோடு பதினோரு நாள். கப்பல் பூமிக்குப் போய்ச் சேர இன்னும் அறுபது நாள். நான் சமைக்க வந்தவள். உன் குறிப்பேட்டில் இப்போது நான்தான் எழுதுகிறேன்.

ஆறு மணிக்கு வழக்கம்போல ஸ்பீக்கரில் உன் குரல் வந்தது. "யம்மோவ், எந்திரி. கும்பகர்ணி! டீ எங்க?" எழுந்தேன். இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன்.

நாள் 213. 11:30

காற்று இயந்திரத்தின் கம்ப்யூட்டர் திக்கித் திக்கி ஓடுகிறது. நினைவகத்தில் இடமில்லையாம். பூமியில் உன்னோடு வேலை பார்த்த ஹபீபுக்குச் சொன்னேன். நாற்பது நிமிடம் கழித்துப் பதில்:

"லில்லிக்கா, கம்ப்யூட்டர் ஆன் ஆகி கண்ணு முழிக்கும்போது அந்த வேலைக்குன்னு கொஞ்சம் இடம் பிடிச்சுக்கும். முழிச்சதும் திருப்பிக் கொடுத்துடணும். ஜெனிட்டா கொடுக்க விடாம பூட்டி வச்சிருக்கா, எதுக்குன்னு தெரியல. பூட்டை எடுத்து விடுவிச்சா காத்து மெஷினுக்கு இடம் கிடைக்கும். ஆனா முதல்ல அந்த இடத்தை எந்தெந்த புரோகிராம் பிடிச்சிருக்குன்னு காட்டுற பட்டியலைப் பாருங்க. பூஜ்யம்னா காலி. ஒண்ணுன்னா யாரோ இன்னும் பிடிச்சிருக்காங்க, அவங்களை நிறுத்தாம விடுவிக்கவே கூடாது. ஒரே இடத்துல ரெண்டு பேர் எழுதினா ரெண்டும் நாசம். சாம்பாருக்கு உப்பு போடுற மாதிரி குத்துமதிப்பா அமுக்கிடாதீங்க."

12:50

பட்டியலில் பதினான்கு வரி. பதின்மூன்றில் பூஜ்யம். ஒன்றில் மட்டும் ஒன்று. பெயர்: அம்மாவை எழுப்பு.

காலையில் என்னை எழுப்பும் குரலை நீ மைக்கில் பேசி அங்கேயே போட்டு வைத்திருக்கிறாய். வேறெங்கும் இல்லை, தேடிவிட்டேன். நிறுத்தினால் அழிந்துவிடும் என்று திரையில் வருகிறது.

நிறுத்தவில்லை. ஹபீபுக்கு "எல்லாம் பூஜ்யம்" என்று அனுப்பினேன். உன் குரல் எவ்வளவு இடம் அடைத்துவிடும்? பஸ்ஸில் நகர்ந்து உட்காருகிற மாதிரி ஓரமாக இருந்துகொள்ளும் என்று நினைத்தேன். விடுவித்தேன். கம்ப்யூட்டர் சீராக ஓடுகிறது.

நாள் 214. 06:00

"யம்மோவ், எந்தி, இருபது புள்ளி, இருபது புள்ளி, டீ, பதினேழு, எங்க."

ஆக்சிஜன் அளவு சொல்லும் இயந்திரக் குரலும் உன் குரலும் ஒன்றாக வருகின்றன. திரையில் ஆக்சிஜன் தொண்ணூற்றொன்று. பிறகு மூன்று. பிறகு இருபது. எதை எழுதுவது?

ஹபீபிடம் உண்மையைச் சொன்னேன்.

08:15

"ஏன்க்கா சொல்லல? சொல்லியிருந்தா முதல்ல அந்தக் குரலை இங்க இறக்கி வச்சிருப்பேனே. இப்ப எடுத்தா வெறும் குப்பைதான் வரும். சரி, விடுங்க. மொத்தத்தையும் அணைச்சுட்டு மறுபடி போடுங்க. காத்து சரியாயிடும். குரல் போயிடும். திட்டுறேன்னு நினைக்காதீங்க, உடனே அணைங்க."

14:00

அணைக்கவில்லை. சாப்பிட்டேன். பாத்திரம் கழுவினேன்.

நாள் 215. 06:04

தலை வலிக்கிறது. நகம் நீலமாக இருக்கிறது. ஆக்சிஜன் எவ்வளவு என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஹபீப் ஆறு முறை கூப்பிட்டுவிட்டான். கடைசியில் அழுகிறான்.

இன்று "யம்மோ" மட்டும் வந்தது. மீதி இரைச்சல். நாளைக்கு அதுவும்

அணைக்கும் விசையில் கை வைத்திருக்கிறேன்

மொச்சை, நானே அணைக்கட்டுமா?