ஆஸ்பத்திரியில் கொடுத்த நம்பர்

மார்ச் 4, 2024

பள்ளி ஆபீஸ் முடிந்து வரும்போதே ஆறு மணி. பக்கத்து வீட்டு தமயந்தி கையில் பையோடு வாசலில் நின்றிருந்தாள். கழுத்துக்குத் தடவும் களிம்பு தீர்ந்துவிட்டதாம், சிவாஜிநகர் போகணும். பஸ் ஸ்டாப் வரை கூடப் போனேன்.

அவளால் பஸ் போர்டைப் பார்க்க முடியாது. வெந்து ஆறிய தோல் தாடையை நெஞ்சோடு இழுத்துப் பிடித்திருக்கிறது. நிமிர வேண்டுமென்றால் இடுப்பை வளைத்துப் பின்னால் சாய வேண்டும். அதை வேடிக்கை பார்க்க ஸ்டாப்பில் ஒரு கூட்டமே இருக்கிறது. அதனால் நான் போர்டு படித்து, "இதுதான், ஏறு" என்பேன்.

இங்கே குடி வந்து ஒன்றரை வருஷம் ஆகியும் அவள் என் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. செருப்பைப் பார்த்துத்தான் "ஆஞ்சலாக்காவா?" என்பாள். போன மாதம் புதுச் செருப்பு வாங்கிய அன்று வேண்டுமென்றே பேசாமல் எதிரில் போய் நின்றேன். யாரோ என்று ஒதுங்கி வழி விட்டாள். சிரித்தேன். வீட்டுக்குள் வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

மார்ச் 17

தமயந்தியின் கழுத்து ஆபரேஷனுக்கு உதவி கேட்டு ஒரு டிரஸ்ட்டுக்கு விண்ணப்பம் எழுதினேன். நம் லிங்கராஜபுரம் சர்ச்சுக்கு வரும் டேவிட் அங்கேதான் ஆபீஸ் வேலை பார்க்கிறார். ஆபரேஷன் செலவை அவர்களே ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிடுவார்களாம். தீ விபத்து எப்படி நடந்தது என்று விவரமாக எழுதச் சொன்னார்.

ஈஜிபுராவில் ஒரு பி.ஜி. ஹாஸ்டலில் சமையல் வேலை. விடியற்காலை. கேஸ் கசிந்திருந்தது. தீக்குச்சி கிழித்தாள். இவ்வளவுதான் சொன்னாள். "கொஞ்சம் உருக்கமா எழுதட்டுமா?" என்றேன்.

"வேணாம்க்கா. நடந்தத எழுதுங்க. அழுவாச்சி வேணாம்."

போன் நம்பர் கேட்ட இடத்தில் என் நம்பரைப் போட்டேன். அவளுடைய போன் பாதி நாள் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். நியாயமான காரணம்தான்.

மே 3

டிரஸ்ட் ஒப்புக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இடம் காலியானதும் கூப்பிடுவார்கள். சொன்னதும் தமயந்தி டீயில் போட்டிருந்த ஸ்ட்ராவை எடுத்து ஜன்னல் வழியே வீசினாள். பிறகு வேறு வழியில்லாமல் இன்னொன்று எடுத்துப் போட்டுக் குடித்தாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"கழுத்து சரியாயிட்டா ஈஜிபுராவுக்கே போய்டுவேன்க்கா. என் ஃப்ரெண்டு ராதா டிபன் கடை வெச்சிருக்கா, மேலேயே ரூம். அடுப்பு வேணாம், நீ பில்லு போடுன்னா. உங்களுக்கும் தொல்ல விட்டுது."

தொல்லை என்று நான் எப்போது சொன்னேன்?

மே 4

ரசம் வைத்தேன். கை தானாக அவளுக்கும் சேர்த்து இரண்டு பேருக்குத்தான் அளக்கிறது.

மே 20

ஆஸ்பத்திரியிலிருந்து போன். வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு ஒரு இடம் காலி. நாளை மாலை ஐந்துக்குள் உறுதி சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பேஷண்டுக்குப் போய்விடும். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்தால் அவள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாக்கா, கால இழுத்துக்கினு வர்றீங்க?"

வெயில் என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மே 21

இன்றும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடம் லீவு. ஆபீஸில் நானும் ஃபேனும்தான். போனை மேஜைமேல் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தேன். அம்மாவைப் பதினோரு வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். அம்மா போன பிறகு கேஸ் சிலிண்டர் போடுகிறவரைத் தவிர யாரும் கதவைத் தட்டவில்லை. அப்புறம் இவள் வந்தாள். இவளும் போய்ட்டா? ஒரு மாசம்தானே, அடுத்த தடவை சொல்லிக்கலாம், என்ன கெட்டுப்போச்சு — இப்படியெல்லாம் ஒரு மனசு யோசிக்குமா? ஐந்து ஆனது. ஐந்தரை ஆனது.

கர்த்தரே, நான் என்ன பண்ணிட்டேன்.

மே 22

காலையில் ஆஸ்பத்திரி ஆபீஸ் திறந்ததுமே கூப்பிட்டேன். இடம் போய்விட்டது. இனி ஜூலைதான், அதுவும் நிச்சயமில்லையாம்.

மே 23

அந்த வியாழக்கிழமை இன்றுதான். சொல்லிவிட்டேன்.

தமயந்தி சுவரைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை வளைத்து, பின்னால் சாய்ந்து என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவை. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன், அவள் திருப்பவில்லை.

"ஏன்க்கா?"

"நீ போய்டுவேன்னு."

"அதுக்காக நான் இப்பிடியே குனிஞ்சே கெடக்கணுமா?"

அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என் நம்பர அவங்களுக்குக் குடுங்க," என்று உள்ளே போய்விட்டாள். சாயங்காலமே டேவிட்டிடம் போனேன். நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். அவர் என் நம்பரை அடித்துவிட்டு அவளுடையதை எழுதி, ஆஸ்பத்திரிக்கும் போனில் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 9

பஸ் ஸ்டாப்பில் பூக்காரம்மாவிடம் போர்டைக் கேட்டு ஏறினாள். நான் பத்தடி தள்ளி, கடைக்குள் ஒதுங்கி நின்றேன். என் செருப்பு அவளுக்குத் தெரியும்.

ஜூன் 30

பேச்சு இல்லை. ரசம் மிஞ்சுகிறது.

ஜூலை 14

கதவு தட்டும் சத்தம். "நாளைக்கு அட்மிஷன். கூட ஒரு ஆள் இருக்கணுமாம். ராதாவுக்குக் கடைய விட்டு வர முடியாது."

நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டுப் போனாள். லீவு லெட்டர் எழுதிவிட்டேன். பையும் தயார்.

ஜூலை 15

ஃபாரத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் "உறவு" என்று ஒரு இடம். நர்ஸ் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "பக்கத்து வீடு" என்றாள்.

சரிதான். பக்கத்து வீடுதான்.

ஜூலை 17

நாலு மணி நேரம். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கழுத்தில் வைத்திருக்கிறார்கள். நல்லபடி முடிந்தது என்றார் டாக்டர். காரிடாரில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா "மகளா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஜூலை 29

தலையணை வைக்கக் கூடாதாம். மல்லாந்து படுத்திருக்கிறாள். குனிந்து போர்வையைச் சரிசெய்தபோது என்னையே பார்த்தாள்.

"இவ்ளோ நரையாக்கா ஒங்களுக்கு?"

ஆஸ்பத்திரி விஷயம் தவிர, இரண்டு மாதத்தில் அவளாகப் பேசிய முதல் பேச்சு. "நீ பாக்க மாட்டேன்னு டை அடிக்கல" என்றேன். சிரிக்கக் கூடாது, கட்டு இழுக்கும் என்று நர்ஸ் அதட்டினார்.

செப்டம்பர் 22

இன்று ஈஜிபுராவுக்குப் போய்விட்டாள். கழுத்துப் பட்டை இன்னும் பல மாதம் போட்டிருக்க வேண்டும். கிளம்பும் முன் என் வீட்டில் டீ குடித்தாள், டம்ளரைத் தூக்கி, ஸ்ட்ரா இல்லாமல்.

ஸ்டாப்பில் பழக்கதோஷத்தில் போர்டைப் படிக்கப் போனேன். அதற்குள் அவள் நிமிர்ந்து பார்த்து, "இதாங்க்கா. வர்றேன்" என்று ஏறிவிட்டாள். ஜன்னல் சீட் கிடைத்தது. கையாட்டினாளா என்று தெரியவில்லை, பஸ் திரும்பிவிட்டது.

அக்டோபர் 13

யாரும் வரவில்லை.

நவம்பர் 10

பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம். நான்கு ஜோடி செருப்பு.

டிசம்பர் 3

காலை பத்து இருபதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். தமயந்தியின் கழுத்துப் பட்டையை மாற்ற வேண்டும், வியாழக்கிழமை வர முடியுமா என்று. அவளுடைய போன் ஸ்விட்ச் ஆஃப்பாம். என் நம்பர் எப்படி உங்களிடம், அதைத்தான் அடித்தாயிற்றே என்று கேட்டேன். "டிஸ்சார்ஜ் அன்னைக்கு அவங்களே ரெண்டாவது நம்பரா எழுதிக் குடுத்தாங்க மேடம்" என்றாள் அந்தப் பெண்.

பத்து இருபத்தொன்றுக்கு ராதா கடைக்கு போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.