அந்தக் கேபிள் இனி நம் வீட்டில் இல்லை, பகவதி

என் வயிற்றில் பிறந்து எனக்கு முன்னே போன பகவதி மக்களே,

அவன் பெயரை இந்தக் கடிதத்தில் எழுதமாட்டேன். உனக்குத் தாலி கட்டியவன் என்று எழுதவும் கை கூசுகிறது. ஜெயிலில் நன்றாகத் தூங்குகிறானாம். அவன் அக்கா வந்து சொன்னாள்.

வந்தவள் சும்மா வரவில்லை. "கேஸ் வருது அத்தை. கை தவறிப் போச்சுண்ணு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. ஸ்ரீஜாவுக்கு இந்த வேலை நிலைக்கவா போகுது? உங்க ரெண்டு பேருக்கும் சோறு நாங்க போடுதோம். வயர்தானே எடுத்தான், கத்தியா எடுத்தான்?"

"முதுகக் காட்டுட்டீ. வயர்தானேண்ணு நான் காட்டித் தாறேன்," என்றேன். செருப்புகூடப் போடாமல் ஆரியசாலை முக்கு வரை ஓடினாள்.

ஆனாலும் அவள் சொன்னதில் ஒன்று உண்மை. வேலை போகும்போலத்தான் இருந்தது. கம்பெனிகள் மின்சாரம் அளக்கிற மீட்டர்கள் சரிதானா என்று நம் இரண்டு மீட்டரோடு ஒத்துப் பார்த்து, அளவைக் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுப்பாயே, உன் மகள் ஸ்ரீஜாவும் அதையே செய்கிறாள். உன்னை அடித்த அன்றைக்கு, இரண்டு மீட்டரையும் இணைத்த கேபிளை அவன் உருவியதில் கம்ப்யூட்டரோடு இணைக்கிற அடாப்டரும் விழுந்து நொறுங்கியது. கேபிள் போலீஸ் கையில். கையால் எழுதிய அளவு இனி வேண்டாம் என்று கம்பெனிக்காரர் மாதக்கடைசி வரை கெடு வைத்தார்.

அந்தக் கேபிளை நான் மறப்பேனா? என் கட்டைவிரலைவிடத் தடிமன். இரண்டு முனையிலும் இரும்புத் தலை. மீட்டரை விற்கக் கூடாது என்றாய். அவன் கேபிளைக் கையில் சுற்றினான். முதல் அடி தோளில். இரண்டாவது தடுத்த கையில். வளையல் உடைந்து சதைக்குள் போனது. மூன்றாவது காதுக்குப் பின்னால். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்து போனாய். நீ விழுந்தபோது என் கையில் கிடைத்தது அரிவாள்மணை. அவன் முழங்கையில் இறக்கினேன். கழுத்தில் இறக்காமல் போனேனே, ஏன்?

ஸ்ரீஜா போனில் மூன்று அடாப்டர் காட்டினாள். பெரிய கம்பெனியுடையது நம் மீட்டரைவிட விலை கூடுதல். இரண்டாவது, அதே பெயரை ஒட்டிய கள்ளச் சரக்கு. மூன்றாவது தீப்பெட்டி அளவு. எவனோ வீட்டிலிருந்து செய்து விற்கிறான், செய்கிற விதத்தையும் ஊருக்கே சொல்லிக் கொடுத்திருக்கிறான். ஒளிக்காதவனை நம்பலாம் என்றேன்.

"இது ஒண்ணே மதி ஆச்சி, வேற வேண்டாம். ரெண்டு மீட்டருக்கும் நடுவுல பழையது போல ஒரு கேபிள் மாத்திரம்..." போனில் வந்த கேபிள் படத்தைக் கையால் மறைத்தாள்.

"அந்தக் கேபிள் வேண்டாம், மீட்டருக்கு ஒண்ணா ரெண்டு வாங்கு. நேரா மீட்டர் பின்னால சொருகலாம்லா?"

"சொருகலாம். பின்ன யூஎஸ்பி வயர் போதும், போன் சார்ஜர் மாதிரி மெலிசு." இரண்டு வாங்கியும் பெரிய கம்பெனி விலையில் கால்வாசி ஆகவில்லை.

வந்த அன்று ஒன்று கம்ப்யூட்டரோடு உடனே பேசியது. மற்றது வாய் திறக்கவில்லை. அவள் அதைத் திட்டினாள், நான் அவளைத் திட்டினேன். கம்ப்யூட்டரில் மீட்டரின் எண்ணை மாற்றிப் போட்டிருந்தாள் கழுதை! திருத்தியதும் அளவுகள் மளமளவென்று இறங்கின. கம்பெனிக்காரர் பார்த்துவிட்டு, அடுத்த மீட்டர் பெட்டியையும் இறக்கிவிட்டுப் போனார்.

இனி அவர்கள் சோறு நமக்கு வேண்டாம் மக்களே. கூண்டில் ஏறி மூன்று அடியையும் இதே வரிசையில் சொல்வேன். அவன் வக்கீல் அரிவாள்மணையைப் பற்றிக் கேட்டால், குறி தப்பிவிட்டது என்று அதையும் சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

ஒன்றையும் மறக்காத,
உன்னைப் பெற்ற அம்மை